ஆட்டுக்கல் போட்ட தெரு

அந்த ஓட்டுநரை நானும் அடித்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் இருந்தது சாப்பாட்டு டப்பா. மூன்றாவது அடியில் மூடி தெறித்து, மதியம் மீந்த தயிர்ச்சோறு அவர் சட்டையில் வழிந்தது. அதோடு ரத்தமும் வழிந்தது. அப்போதும் நான் நிறுத்தவில்லை.

எங்கள் ஊர் மன்னார்குடிக்குக் கிழக்கே இருக்கிறது. தெருக்கோடியில் நெல் கொள்முதல் நிலையம் வந்ததிலிருந்து, அறுவடைக் காலம் முழுக்க மூட்டை ஏற்றிய லாரிகள் எங்கள் வாசல் வழியாகத்தான் போகும். தார் போட்ட, அகலமான, கோடு கிழித்ததுபோல் நேரான தெரு. அன்று சாயங்காலம் என் மகளும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் கைகோத்துக்கொண்டு பள்ளிக்கூடத்திலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். இருவருக்கும் பதினோரு வயது. நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கும் வேலையை முடித்துக்கொண்டு அவர்களுக்குச் சற்றுப் பின்னால் வந்தேன்.

லாரி என்னைக் கடந்தபோது முந்தானை அதன் காற்றில் இழுபட்டது. பிறகு ஒரு சத்தம். ஈர மூட்டையை மேலிருந்து தரையில் போட்டதுபோல. என் மகளுக்குத் தொடை எலும்பு முறிந்தது. அவள் கையைப் பிடித்திருந்தவள் அந்த இடத்திலேயே செத்துப்போனாள்.

ஓட்டுநர் ஓடவில்லை. இறங்கி நின்று, "தெரியலம்மா, தெரியலம்மா" என்றார். தெரு திரண்டு வந்தது. செருப்பு, செங்கல், மண்வெட்டிக் காம்பு. முதல் அடி என்னுடையதா என்று எனக்கு நினைவில்லை. ஆனால் இது நினைவிருக்கிறது: தார் ரோட்டில் கிடந்த என் மகள் "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளிடம் போகாமல் அடித்துக்கொண்டிருந்தேன்.

அவருக்கு ஒரு கண் போய்விட்டதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். சீர்காழிப் பக்கத்துக்காரர். எங்களைப் போலக் கூலிக்கு உழைக்கிறவர். அடித்தவர்கள் மேல் போட்ட வழக்கில் 'அடையாளம் தெரியாத சிலர்' என்று எழுதியிருந்தார்கள். அந்தச் சிலரில் ஒருத்தி நான்.

இரண்டு நாள் மறியல் நடந்தது. தாசில்தார் வந்து பேசி, ஒன்றியத்திலிருந்து ஓவர்சியரை அனுப்பி வைத்தார். அந்தப் பெண் ஸ்கூட்டரைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, கோடிவரை நடந்து போய்த் திரும்பினார்.

"ரோடு இப்படி நேரா, அகலமா கெடந்தா யாருங்க மெதுவா போவா? நானே முறுக்கிட்டுத்தான் வருவேன்" என்றார்.

வேகத்தடைக்கு எழுதிப் போட்டால் வரும்போது வரட்டும். அதுவரை இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என மாற்றி மாற்றிக் கனமாக எதையாவது வைத்துப் பாருங்கள், வண்டி வளைந்து வளைந்துதான் போயாக வேண்டும் என்றார். எங்கே வைத்தால் சரியாக வருகிறது என்று தெருவே முடிவு செய்து, எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கிராம சபையில் தீர்மானமாகக் கொடுத்தால், அந்த இடங்களில் நிரந்தரமாகக் கட்டிக் கொடுக்க அவர் எழுதுவாராம்.

கனமாக எதை வைப்பது என்று யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அரசாங்கம் இலவசமாக மிக்சியும் கிரைண்டரும் கொடுத்த நாளிலிருந்து எல்லா வீட்டுக் கொல்லையிலும் ஆட்டுக்கல் சும்மா கிடந்தது. அதன் குழியில் தேங்கிய மழைத்தண்ணீரைக் கோழி குடித்துக்கொண்டிருந்தது. இறந்த பெண்ணின் அப்பாவை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவரும் நானும் கயிறு பிடித்துத் தெருவை அளந்து, கோலமாவால் குறி போட்டோம்.  ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவர் கயிற்றைத் தரையில் வைக்காமல் தூக்கிப் பிடித்துத் தாண்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடப்பாரையால் நெம்பிப் பதினோரு கற்களை உருட்டி வந்தோம். கடைசிக் கல்லை வைக்கும்போது என் சித்தப்பா வந்தார், அப்பாவின் தம்பி.

"யாரைக் கேட்டுடா வச்சீங்க?"

"தெருவைக் கேட்டுத்தாங்க. நீங்கதான் கூட்டத்துக்கு வரல" என்றார் அண்ணன்.

"தெருவா? வரப்பா இருந்ததுடா இது! எங்க அண்ணன் கை போயி, ஒருத்தன் உசுரு போயி வாங்குன அகலம்டா. நீ கல்லைப் போட்டு மறுபடி வரப்பாக்குறியா?"

அவர் சொன்னது உண்மை. எனக்கு அப்போது ஆறு வயது. எங்களுக்கு மனைப்பட்டா கொடுத்த அரசாங்கம், மனைக்குப் போக வழி கொடுக்கவில்லை. சுற்றிலும் பண்ணையாரின் வயல். ஐப்பசியில் யாராவது செத்தால் தொடையளவு சேற்றில் பாடையைத் தூக்கிப் போக வேண்டும். ஒருமுறை பாடை சரிந்து பிணம் நாற்றில் விழுந்தது. எங்களுக்கு வழி தருவதாக மேடையில் பேசியவர்கள் கட்டியிருந்த அதே கட்சிக் கரை வேட்டியைத்தான் பண்ணையாரும் கட்டியிருந்தார். கடைசியில் ஒரு விடிகாலையில் ஆணும் பெண்ணுமாக மண்வெட்டியோடு இறங்கி, வரப்பை அகலமாக்கி மண் கொட்டினார்கள். டிராக்டரில் பண்ணையாரின் ஆள் வந்தது. வைக்கோல் போருக்குப் பின்னால் இருந்து பார்த்தேன். தலையில் விழ வந்த இரும்புத்தடியை அப்பா வலக்கையால் தடுத்தார். கரும்பை முறிப்பதுபோல் சத்தம் கேட்டது. எதிர்வீட்டுக்காரர் சேற்றில் குப்புறக் கிடந்தார். புரட்டியபோது வாய் நிறையச் சேறு. போலீஸ் வந்து எங்கள் ஆட்களைத்தான் பிடித்துக்கொண்டு போனது. ஆனால் அதன் பிறகு வழியை யாரும் மறிக்கவில்லை. எதிரெதிராக இரண்டு வண்டி போகிற அகலம். அப்பாவின் மணிக்கட்டு இன்றுவரை நிமிரவில்லை.

சித்தப்பா கல்லை ஓங்கி உதைத்தார். கல் அசையவில்லை.

"பெரியவரே, கல்லுக்கு ஒண்ணும் ஆவாது. காலைப் பாத்துக்குங்க" என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்புதான் கெடுத்தது. சித்தப்பா அண்ணனைக் கன்னத்தில் அறைந்தார். அண்ணன் கடப்பாரையைத் தூக்கினார். அப்பா ஓடிவந்து அதை இடக்கையால் பிடித்தார்; வலக்கை விரல்கள் மூடாது. இருவரும் இழுத்துக்கொண்டிருக்கும்போதே சித்தப்பா ஒரு செங்கல்லை எடுத்து வீசினார். அண்ணனின் நெற்றி பிளந்தது. ரத்தம் கோலமாவுக் கோட்டின்மேல் சொட்டி, மாவு அதை உறிஞ்சிச் சிவந்தது. தெரு இரண்டாகப் பிரிந்து கட்டையைத் தேடியது. நானும் குனிந்தேன். என் கையிலும் ஒரு கல் இருந்தது.

அப்போது அண்ணி வந்தார், இறந்தவளின் அம்மா. காரியம் முடிந்ததிலிருந்து அவர் குரலை யாரும் கேட்டிருக்கவில்லை.

"அடிச்சிக்குங்க. நல்லா அடிச்சிக்குங்க" என்றார். பிறகு சித்தப்பாவைப் பார்த்து, "மாமா, எம்புள்ளைய அவங்க அப்பா கையில ஏந்திக்கிட்டுத்தான் போனாரு. பாடைகூடக் கட்டல. அதுக்கு எத்தனை அடி ரோடு வேணும்? நீங்களே சொல்லுங்க" என்றார்.

 சித்தப்பா அண்ணியின் பக்கம் திரும்பினார்.

"அப்ப நான் செத்தா?"

"உருட்டி ஓரத்துல வச்சிட்டு உங்கள அகலமாக் கொண்டு போறோம். சிமெண்டு போட மாட்டோம். நான் சொல்றேன்."

"சிமெண்டு போட்டா வெட்டுவேன்" என்று சொல்லிவிட்டு அவர் அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

தீர்மானத்தில் நிரந்தரமாகக் கட்டுவது என்ற வரியை அடித்துவிட்டு, உருட்டக்கூடிய கல் என்று எழுதினோம். அதிலும் சித்தப்பா கையெழுத்துப் போடவில்லை. கற்களை நகர்த்தவும் இல்லை. தினமும் சாயங்காலம் ஒவ்வொன்றாகக் காலால் தள்ளிப் பார்த்துக்கொண்டு போவார், யாராவது பூசிவிட்டார்களா என்று.

ஆறு மாதம் கழித்து என் மகள் முதன்முறையாகப் பள்ளிக்கூடம் புறப்பட்டாள். ஒரு காலை இழுத்து நடந்தாள். நான் கையைப் பிடிக்கப் போனேன். விலக்கிக்கொண்டாள். விபத்துக்குப் பிறகு அவள் யார் கையையும் பிடிப்பதில்லை.

மூன்றாவது கல்லுக்கு வந்தபோது பின்னால் லாரிச் சத்தம் கேட்டது.  லாரி முதல் கல்லில் வளைந்தது, இரண்டாவதில் இன்னும் மெதுவாக வளைந்தது, எங்களுக்குப் பத்தடிப் பின்னால் நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "போங்க பாப்பா, மெதுவாப் போங்க" என்றார்.

என் மகள் லாரியைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது எப்போது என் தோள்பைக்குள் போனதென்று எனக்குத் தெரியாது. மூடி சரியாகப் பொருந்தாத அந்தச் சாப்பாட்டு டப்பாவை இறுகப் பிடித்திருந்தது.

"அம்மா," என்றாள், "அவருதான் நின்னுட்டாருல்ல."

விரல்களை ஒவ்வொன்றாகத்தான் பிரிக்க முடிந்தது. அதுவரை அவள் நகரவில்லை, லாரியும் நகரவில்லை.