அவளுக்கு மட்டும் மூன்று வரி

அந்த அலுவலகத்தில் அவளை எல்லோரும் 'டைப் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். ஊர் ஊராகக் குடிநீர் வசதி செய்து தரும் தொண்டு நிறுவனம் அது. மூன்றாவது மாடி, ஜன்னலோர மேசை, பத்தொன்பது வருடம். தட்டச்சு இயந்திரம் போய்க் கணினி வந்தது, நாற்காலி மட்டும் மாறவில்லை.

வருடா வருடம் இளம் பட்டதாரிகள் சிலர் ஆறு மாதம் வேலை பார்க்க வருவார்கள். பிறகு சர்வதேச விவகாரம், வளர்ச்சி பற்றிய மேற்படிப்புக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் விண்ணப்பிப்பார்கள். அதற்கு இயக்குநரின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். இயக்குநர் தங்கமான மனிதர். எழுதத்தான் அவருக்குக் கை வராது.

"நீயே அடிச்சிட்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுடறேன்."

அக்கா எழுதுவாள். 'சிட்டு' என்று செல்லமாக அழைக்கப்பட்ட ஒருத்தி, வெயிலுக்குப் பயந்து இரண்டே நாள் கிராமத்துக்குப் போனவள். அவளுக்காக அக்கா இரண்டு பக்கம் எழுதினாள். அதைப் படித்துச் சிட்டு அழுதேவிட்டாள்.

"சார் என்னை இவ்ளோ கவனிச்சிருக்காராக்கா?"

"பின்னே? அவர் கண்ணுக்குத் தப்புமாடி?"

சிட்டு பறந்தாள். அவளைப் போல இன்னும் முப்பது பேர் பறந்தார்கள். அக்கா கையசைத்துவிட்டு மேசைக்குத் திரும்பினாள்.

நாற்பத்து மூன்றாம் வயதில் அவளுக்கும் அந்த ஆசை வந்தது. வேலை பார்த்துக்கொண்டே படித்து வாங்கிய பட்டம் இருந்தது. கணவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"காலேஜுக்கா? போடி போ. பரீட்சையில பெயிலானா அப்பாவைக் கூட்டிட்டு வரச் சொல்வாங்க, நான்தான் வந்து நிக்கணும்!"

சிரித்தவரே விண்ணப்பக் கட்டணத்தையும் கட்டினார்.

சிபாரிசுக் கடிதம் கேட்டபோது இயக்குநர் மகிழ்ந்துபோனார். "உன்னைப் பத்தி உனக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுது? நீயே அடிச்சிட்டு வா."

அன்று மாலை அவள் விரல்கள் நகர மறுத்தன. தன்னைத் தானே எப்படிப் புகழ்வது? ஒருமுறை கிராமக் கணக்கெடுப்புத் தாள்களைத் தட்டச்சு செய்கையில், புதுக் குழாய் வந்த ஊரில் பெண்கள் இன்னும் பழைய கிணற்றுக்கே நடப்பதைக் கண்டுபிடித்தவள் அவள்தான். போய்ப் பார்த்தால் குழாயில் உப்புத் தண்ணீர். பதினொரு ஊர்களின் திட்டமே அதனால் மாறியது. அதை எழுதலாமா? சீ, தம்பட்டம் அடித்த மாதிரி இருக்குமே!

மூன்று வரி எழுதினாள். 'நேரம் தவறாதவர். கொடுத்த வேலையைப் பிழையின்றி முடிப்பவர். நன்னடத்தை உள்ளவர்.' இயக்குநர் படிக்காமலே கையெழுத்திட்டார். வழக்கம் அதுதானே!

இரண்டு மாதம் கழித்துச் சிட்டுவிடமிருந்து அழைப்பு வந்தது. அக்கா விண்ணப்பித்திருந்த பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பிரிவில்தான் அவள் இப்போது வேலை பார்த்தாள்.

"அக்கா, சாருக்கும் உங்களுக்கும் ஏதாச்சும் மனஸ்தாபமா?"

"இல்லையேம்மா. ஏன்?"

"எனக்கு ரெண்டு பக்கம் எழுதினவரு உங்களுக்கு மூணு வரிதான் எழுதியிருக்காரு. அதனாலதான் குழு தயங்குது. நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள வேற கடிதம் அனுப்பச் சொல்லுங்கக்கா. அவருக்கா எழுதத் தெரியாது?"

தொண்டை வரை வந்த உண்மையை அக்கா விழுங்கினாள். அதைச் சொன்னால் சிட்டு பொத்தி வைத்திருக்கும் அந்த இரண்டு பக்கமும் பொய்யாகிவிடுமே!

விஷயம் கேட்டு இயக்குநர் தலையில் அடித்துக்கொண்டார். "படிக்காம கையெழுத்துப் போட்டேனே, பாவி நான்! இந்தத் தடவை நானே எழுதறேன்." கதவைச் சாத்திப் பேனாவைத் திறந்தார். அவள் எதிரே உட்கார்ந்தாள். கால் மணி நேரம் போயிற்று. வெள்ளைத் தாளிலிருந்து மெல்ல நிமிர்ந்தார்.

"தப்பா நினைக்காதேம்மா. இத்தனை வருஷத்துல நீ இங்க என்னென்ன பண்ணினேன்னு கொஞ்சம் சொல்லேன். எழுதிக்கறேன்."

அந்தப் பதினொரு ஊர்களும் அவள் நெஞ்சில் வரிசையாக வந்து நின்றன. அப்போதாவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா, அந்த மகராசி?

"டைப் அடிச்சேன், சார்" என்றாள்.

அவர் அதை எழுதிக்கொண்டார். அதற்குக் கீழே ஒன்றும் எழுதப்படாமலே, மறுநாள் மாலை ஐந்து மணி வந்து போனது.