தண்ணீர் வந்த பிறகும்

செட்டிகுளம் அய்யாக்கண்ணு என் அக்கா வேணியின் கணவர். விதை வெங்காயம் வாங்க நாலு கடை ஏறி இறங்கி, வெறுங்கையோடு வீடு திரும்பி, மறுநாள் மறுபடி போகிற மனிதர். கிணற்று மோட்டாரை மாற்றலாமா என்று மூன்று வருடம் யோசித்தார். அவரோடு கடைக்குப் போவதென்றாலே நான் நழுவிவிடுவேன்.

ஐம்பத்தாறு வயதில் அவருக்குக் கை நடுங்கியது, நடை சுருங்கியது. பார்க்கின்சன் நோய் என்றார் திருச்சி டாக்டர். 2004-ல் புதிதாக ஒரு மாத்திரை சேர்த்தார். மாமா விறுவிறுவென்று நடந்தார். அக்கா குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தாள்.

ஒரு வருடத்துக்குள், அதே விறுவிறுப்போடு தன் வெங்காயக் காட்டில் ஆழ்துளைக் கிணறு போட ஆரம்பித்தார். யாரையும் கேட்கவில்லை. போன் போட்டார், போர் வண்டி வந்து நின்றது. முதல் குழியில் புழுதிதான் பறந்தது. இரண்டாவதிலும் அதேதான். மூன்றாவதற்கு அக்காவின் சங்கிலி போனது. ஊரில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. எங்கள் பக்கம் தண்ணீருக்காகத் தரையைத் துளைக்காத விவசாயி யார்? நானும் அப்படித்தான் நினைத்தேன், மடையன்.

நான்காவது குழியில் தண்ணீர் பீறிட்டது. வண்டிக்காரர்களே கை தட்டினார்கள். மாமா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேலி ஓரமாகப் போய்க் குதிகாலால் மண்ணில் ஒரு கோடு கிழித்து, நாளைக்கு இங்கே போடலாம் என்றார். அதற்காகக் கீழக்காட்டை விற்க ஆளும் பார்த்திருந்தார். அடமானத்தில் போகாமல் மிச்சமிருந்த நிலம் அது ஒன்றுதான்.

தண்ணீர் கிடைத்த மனிதனுக்கு இன்னும் என்ன வேண்டும்? அந்தக் கேள்வி என் மண்டையைக் குடைந்தது. மறுநாளே அக்காவையும் கூட்டிக்கொண்டு அவரைத் திருச்சிக்கு இழுத்துப் போனேன்.

டாக்டர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: இது எப்போது தொடங்கியது? புது மாத்திரைக்குப் பிறகு என்றாள் அக்கா. சிலருக்கு அந்த மாத்திரை அப்படிச் செய்யுமாம். சூதாடுவார்கள், கண்டதை வாங்கிக் குவிப்பார்கள், அவர்களாக நிறுத்த முடியாதாம். கிணறு போட்டவரை இப்போதுதான் பார்க்கிறாராம். மாத்திரையைப் பாதியாக்கினால் ஆசை அடங்கும், ஆனால் நடையும் குறையலாம் என்றார்.

இரண்டு மாதத்தில் ஆசை அடங்கியது. கீழக்காடு தப்பித்தது. கால்தான் பழையபடி மக்கர் செய்தது. ஒருநாள் காலையில் கட்டிலை விட்டு எழ முடியாமல் மாமா தவித்தார். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. உடைத்து வைத்திருந்த மறுபாதியையும் எடுத்து நீட்டினாள். கொடுத்துவிடட்டும் என்றுதான் எனக்கும் இருந்தது.

மாமா நடுங்கும் கையால் அவள் விரல்களை மூடினார்.

"வேணாம் வேணி. காலு வந்துரும். பின்னாடியே போர் வண்டியும் வந்துரும்."