சூட்டையும் கணக்கில் சேர்த்தவர்

தொழிற்கூடத்தில் அவரைக் கண்ணாடியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். இத்தனைக்கும் மூக்கில் கண்ணாடி கிடையாது. லேசர் கருவிக்குள் எதிரெதிரே நிற்கும் இரண்டு கண்ணாடிகளுக்கு எவ்வளவு வளைவு, எவ்வளவு இடைவெளி என்று முடிவு செய்வது அவர் வேலை. நடுவில் ஒரு படிகம். ஒளி அதன் வழியே முன்னும் பின்னும் ஓடி வலுவேற வேண்டும். ஓரத்தில் சிதறிவிடக் கூடாது.

"ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல வெளிச்சத்தை ஓட விடறதுக்குச் சம்பளம் வேறயா?" என்று கேலி செய்வார் கணவர். அவர் விளையாட்டு ஆசிரியர்.

"நீங்க மட்டும் பசங்களைச் சும்மாவா ஓட விடறீங்க?"

பேஸ்மேக்கர் போன்ற இதயக் கருவிகளின் உலோக உறையைப் பற்றவைக்கும் லேசர்கள் இரண்டு ஒரே மாதத்தில் திரும்பி வந்தன. மூன்றாவதும் வந்தால் லேசர் பிரிவையே மூடிவிடுவதாக மேனேஜர் சொல்லிவிட்டார். கருவியைப் பொருத்தியவர்கள் கண்ணாடியை மெருகேற்றியவர்களைத் திட்டினார்கள், அவர்கள் இவர்களைத் திட்டினார்கள். கண்ணாடியம்மா யார் தலையிலும் பழியைப் போடவில்லை. திரும்பி வந்த கருவியை ஓட்டிப் பார்த்தார். பாதிச் சக்தியில் சமர்த்தாக இருந்தது. முழுச் சக்திக்கு ஏற்றியதும் பற்றவைப்பு பிசிறடித்தது. படிகம் சூடேறி, தானே ஒரு லென்ஸாக மாறி, ஒளியை வளைத்துக்கொண்டிருந்தது. அவர் கணக்குப் போட்டதோ குளிர்ந்த படிகத்துக்கு.

"தப்பு என் கணக்குல சார்," என்று மேனேஜரிடம் நேரே போய்ச் சொன்னார். எத்தனை பேருக்கு வரும் அந்தத் துணிச்சல்?

அடுத்த ஆறு வாரம் சூடான படிகத்துக்கென்றே கண்ணாடிகளை மறுபடி வடிவமைத்தார். அதில் ஒரு சிக்கல்: சுவிட்சைப் போட்டதும் லேசர் எரியாது, படிகம் சூடேறும்வரை சில நொடி காத்திருக்க வேண்டும்.

பரிசோதனை நாளன்று கருவியை வாங்க வேண்டிய தொழிற்சாலைக்காரரே நேரில் வந்துவிட்டார். சுவிட்சைப் போட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. பத்து நொடி போயிற்று. முகம் கறுத்துப்போன மேனேஜர் சுவிட்சை அணைக்கக் கை நீட்டினார்.

"கை வைக்காதீங்க சார், சூடாகட்டும்!" கண்ணாடியம்மா சுவிட்சுக்குக் குறுக்கே வந்து நின்றார்.

இருபதாவது நொடி, சோதனைக்கு வைத்திருந்த தகட்டில் பொறி பறந்தது. ஒரு மணி நேரம் முழுச் சக்தியில் ஓடிய பிறகும் பற்றவைப்பின் முதல் அங்குலமும் கடைசி அங்குலமும் ஒன்றுபோலவே இருந்தன.

தொழிற்சாலைக்காரர் தகட்டைத் தடவிப் பார்த்தார். "பழைய கருவியை வடிவமைச்ச ஆளை வேலையை விட்டு அனுப்பிட்டதா மேனேஜர் சொன்னாரு. நல்ல காரியம். நீங்க பிரமாதமாப் பண்ணியிருக்கீங்கம்மா."

தலையாட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். மேனேஜரின் கண்ணும் அதைத்தான் கெஞ்சியது.

"அனுப்பல சார். அந்த ஆளும் நான்தான்."

மேனேஜர் கூரையைப் பார்த்தார். தொழிற்சாலைக்காரர் தகட்டை இன்னொரு தடவை தடவினார்.

"அப்ப மெஷினோட நீங்களும் வாங்கம்மா," என்றார். "அவசரப்பட்டு அணைக்கக் கூடாதுன்னு எங்க ஆளுங்களுக்கு நீங்களே சொல்லுங்க."