ரோஸ் மில்க் நிறத்தில் வந்த கியர்பாக்ஸ் ஆயில்

ஆயுத பூஜை முடிந்த வாரம், சிதம்பரத்திலிருந்து ஒரு பழைய ஆட்டோமேட்டிக் கார் எங்கள் கடலூர் ஒர்க்‌ஷாப்புக்கு ரெக்கவரி வேனில் வந்து இறங்கியது. இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை என்பது புகார்.

வண்டிக்காரர் செல்வராசு, முன்னாள் லாரி டிரைவர். சர்க்கரை நோயில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கூட வந்தவர் அவர் மனைவியின் தம்பி குமார்.

"பெரிய மெக்கானிக் யாரும் இல்லியாம்மா?" என்றார் குமார்.

"ஆட்டோமேட்டிக்குன்னா இங்க நான்தான் சார்."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மா துறைமுகத்தில் மீன் பிரிக்கிறவர். டிப்ளமோ முடித்து, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குத் தனிப் பயிற்சியும் எடுத்தேன். சட்டையில் தைத்திருக்கும் பெயரை யாராவது படித்தால் இன்றும் நிமிர்ந்து நிற்பேன்.

செல்வராசு சிரித்தார். "உடுறா மச்சான். வண்டிக்கு ஆம்பள பொம்பள தெரியுமா? நீ பாரும்மா."

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். இன்ஜின் ஆயில் மாதிரி வண்டியை அணைத்துவிட்டு ஏ.டி.எஃப் என்கிற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலைப் பார்க்கக் கூடாது. இந்த மாதிரி ஆயில் அளக்கும் குச்சி, அதாவது டிப்ஸ்டிக், உள்ள வண்டியில், சமதளத்தில் நிறுத்தி, ஆயில் சூடேறிய பிறகு, பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா நிலைக்கும் ஒருமுறை கொண்டுபோய் பார்க்கிங்குக்கான 'பி'க்குத் திரும்பி, இன்ஜின் ஓடும்போதே டிப்ஸ்டிக்கை எடுக்க வேண்டும். துடைத்து, முழுக்கச் செருகி, மறுபடி எடுத்தால்தான் சரியான லெவல். நல்ல ஆயில் தெளிந்த சிவப்பு. கருகியது கருப்பு.

அந்த வண்டியில் டிப்ஸ்டிக் முழுக்க இறங்காமல் ஒரு விரல் உயரம் தூக்கி நின்றது. கைப்பிடியில் குங்குமப் பொட்டு. உருவினேன். ரோஸ் மில்க் நிறம். உள்ளே தண்ணீர். உடனே இன்ஜினை அணைக்கச் சொன்னேன்.

குமார் டீ வாங்கப் போனதும் செல்வராசிடம் கேட்டேன். "வண்டிய யாரு சார் கழுவுனது?"

"மச்சான்தான். பூஜைக்குன்னு பானெட்டத் தொறந்து ஓசுல தண்ணி அடிச்சான். ஒவ்வொரு குச்சியா உருவித் தொடச்சி சொருகிட்டு, மறுபடி ஒருவாட்டி தண்ணி அடிச்சிட்டு பொட்டு வச்சான். ஏம்மா?"

தூக்கி நின்ற டிப்ஸ்டிக்கையும், அந்த இடைவெளி வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கியதையும் காட்டினேன். முப்பது டன் லாரி ஓட்டியவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

கியர்பாக்ஸின் அடியிலிருக்கும் ஆயில் பேனைக் கழற்றினோம். கிளட்ச் பிளேட்டின் லைனிங் தூள்தூளாக அதில் கிடந்தது. உள்ளே தண்ணீர் இருப்பது தெரியாமல் செல்வராசு பூஜைக்குப் பின்னும் ஓட்டியிருக்கிறார். இருந்தும் ஃபில்டரை மாற்றி, புனல் வைத்து புது ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, லெவல் பார்த்து, பழையதை வடித்து மறுபடி நிரப்பினேன். ரிவர்ஸ் எடுத்தது. முன்னால் போகிற 'டி'யில் போட்டால் அசையவில்லை. அந்த மாடலுக்கு உள் பாகங்கள் இப்போது வருவதில்லை என்று மேனேஜரும் கைவிரித்தார்.

"அவ்ளோதானாம்மா?"

"அவ்ளோதான் சார்."

செல்வராசு பானெட்டைத் தடவினார். "காலு போனப்புறம் வருசக்கணக்கா செவுத்தப் பாத்து படுத்திருந்தேன். கிளட்சு மிதிக்காத வண்டியா அலஞ்சி தேடிப் புடிச்சி, எழுப்பி உக்கார வச்சவன் அவன்தான். எதனாலன்னு கேப்பான். வயசான வண்டின்னு சொல்லிடும்மா."

"கஸ்டமர்கிட்ட காரணத்த மறைக்கக் கூடாது சார்."

"கஸ்டமரு நான்தான? எங்கிட்ட சொல்லிட்டல்ல."

மறுபடி டீ வாங்கப் போயிருந்த குமார் வந்தார். "என்ன மாமா, ரெடியா?"

"வயசான வண்டி மச்சான். பிளேட்டெல்லாம் தேஞ்சி போச்சாம்."

குமார் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த ஆயிலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"தேஞ்ச வண்டியத் தலையில கட்டிட்டானுவோ மாமா. நான்தான் பாத்து வாங்காம உட்டுட்டேன்." குமார் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"அட, இதுல எவ்ளோ ஊரு சுத்திட்டேன்! டீ ஆறுது, குடி."

செல்வராசை ஆட்டோவில் ஏற்றியபோது வண்டிச் சாவியை என் கையில் வைத்தார்.

"நீங்களே வச்சிருங்க, வண்டிய விக்கறப்ப குடுத்தா போதும் சார்."

"வீட்ல கெடந்தா எடுத்து எடுத்துப் பாப்பேன். நீயே வச்சிக்கம்மா."

தம்பி தங்கைகளே, ஆட்டோமேட்டிக் வண்டியை டெலிவரி கொடுக்கும்போது ஓட்டுகிறவருக்கு மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். வீட்டில் அதைக் கழுவுகிறவர் யார் என்று கேளுங்கள். அவரையும் கூப்பிட்டு, பானெட்டைத் திறந்து காட்டுங்கள்.