கூரையில் சிறு கசிவு

1983 நவம்பர் 9, புதன்கிழமை. காலை ஐந்தே காலுக்கு எழுந்தேன். குளித்து, ஆறு மணிக்கு மூன்று இட்லி சாப்பிட்டு, ஆறரைக்கெல்லாம் செஞ்சிக் கோட்டை அடிவாரத்தில் எங்கள் எக்ஸ்ரே வண்டி நின்ற மைதானத்துக்குப் போய்விட்டேன். வழக்கம்போல் முதலில் வண்டிக் குறிப்பேட்டைத் திறந்து தேதி போட்டேன். இரவெல்லாம் கொட்டிய மழை அப்போதுதான் விட்டிருந்தது. படியில் உட்கார்ந்திருந்த டிரைவர் என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. "ஏசி வெச்ச எடத்துல காத்து வர்ல சார், கொளம் வந்துட்டுது. உள்ள போய்ப் பாருங்க" என்றார்.

அந்த வண்டியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். நீளமான ஒரு தகர அறை. முன்சக்கரம் கிடையாது, முன்பக்கக் கழுத்தை லாரியின் முதுகில் ஏற்றிப் பூட்டி இழுத்துப் போக வேண்டும். ஊர் ஊராகப் போய்க் காசநோயாளிகளுக்குப் படம் எடுப்பதற்காக ஓர் அறக்கட்டளை அதை வாங்கியிருந்தது. நான் அதில் பதிவு எழுத்தர். டிரைவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கையெழுத்துப் போடத் தெரியும், வாசிக்கத் தெரியாது. வாரத்துக்கு ஒரு நாள் ஏணி போட்டு ஏறி, கூரை மேல் தவழ்ந்து, ஒவ்வொரு ரிவெட்டையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொன்னதில்லை.

செஞ்சியில் வெயில் மேலேயிருந்து மட்டும் வருவதில்லை, பாறைகளிலிருந்தும் வரும். தகடு பகலில் விரியும், இரவில் சுருங்கும். ரிவெட் துளைகள் மெல்ல மெல்லப் பெரிதாகும். பள்ளம் விழுந்த சாலையில் கழுத்து முறுக்கிக்கொள்ளும்போது முன்மூலை இணைப்புத்தான் முதலில் வாயைத் திறக்கும். இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் அவர்தான். "தாருக்கு மேல தாரு பூசிக்கினே இருந்தா ஆவாது சார். பழசு பூராத்தையும் சுரண்டி எடுக்கணும். அப்பறம் நாலு வெரல் எடம் விட்டு மேல இன்னொரு தகரம், சாய்வா. வெயிலும் அதும்மேல, மழையும் அதும்மேல. நடுவுல காத்து போவும்." அந்த வண்டிக்குச் செய்யத் தகுந்த வேலை அது ஒன்றுதான்.

அறக்கட்டளை நிர்வாகி செய்தது வேறு. வெளிநாட்டு நன்கொடையாளர்கள் வரப்போகிறார்கள் என்று கூரையைச் சதுரமாக வெட்டி ஏசி வைத்தார். எங்கள் ஜெனரேட்டர் எக்ஸ்ரே பெட்டியையும் ஏசியையும் ஒன்றாக இழுக்காது. எனவே விருந்தினர் வந்த ஒரே ஒரு நாள் ஏசி ஓடியது. அன்று படம் எடுப்பது நின்றது. வெடித்துக்கிடந்த பழைய தாரின் மேலேயே வெள்ளி நிறப் பெயிண்ட் அடித்தார்கள். கீழேயிருந்து பார்த்தால் கூரை பளபளத்தது. "மண்டையில ஓட்ட போட்டுட்டு தொப்பி வெக்கிறாரு" என்றார் டிரைவர். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

குறிப்பேட்டில் 'குறைகள்' என்று ஒரு கட்டம் உண்டு. டிரைவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன், அவர் கீழே கையெழுத்துப் போடுவார். அந்த ஐப்பசியில் நான்கு முறை சொன்னார். "பொட்டி மேலயே சொட்டுது. இப்டியே உட்டா பொட்டி போயிடும், இல்ல யாருக்கனா கரண்டு அடிக்கும். அப்டியே எய்துங்க சார்." அப்படியே நான் எழுதவில்லை. அலுவலக நடை என்று ஒன்றை நான் பெருமையாகக் கற்று வைத்திருந்தேன். நான்கு முறையும் ஒரே வாசகம், அழகான கையெழுத்தில்: 'கூரையில் சிறு கசிவு காணப்படுகிறது. ஆவன செய்யலாம்.'

அன்று எக்ஸ்ரே பெட்டியின் அடியில் கணுக்கால் அளவு தண்ணீர். பெட்டிக்குள்ளும் தண்ணீர். படத்தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. வெளியே பனமலையிலிருந்தும் மண்டகப்பட்டிலிருந்தும் முதல் பஸ்ஸில் வந்தவர்கள் வரிசையாக நின்றார்கள். ஓர் அம்மாள், "இன்னா சார், இன்னிக்கும் இல்லியா? போன மாசமும் வெள்ளக்காரன் வந்துக்கீறான்னு திருப்பி அனுப்பினீங்களே" என்று கேட்டுவிட்டு, முந்தானையில் வாயை மூடி இருமினார். அவருக்கு நான் அடுத்த மாதத்துக்கு ஒரு தேதி எழுதிக் கொடுத்தேன். பழுதான பெட்டியை வைத்துக்கொண்டு தேதி!

பதினொரு மணிக்கு விழுப்புரத்திலிருந்து ஜீப்பில் நிர்வாகி வந்தார். வண்டிக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் குறிப்பேட்டைக் கேட்டார். நான்கு பக்கங்களையும் உரக்க வாசித்துவிட்டு டிரைவர் பக்கம் திரும்பினார். "சிறு கசிவுன்னு சொல்லிட்டு இப்ப பெட்டியே போச்சுன்னா என்னய்யா அர்த்தம்? இவ்வளவு பெரிய ஆபத்தை மறைச்சிருக்கே. கீழே உன் கையெழுத்துதானே?"

டிரைவர் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "நான் சொன்னத சாரு எய்தினாரு. இன்னா சார் எய்தினீங்க?"

நான் பேனாவுக்கு மூடி போட்டேன். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது, எட்டு வருட உத்தியோகம். ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். டிரைவர் வண்டிச் சாவியை இடுப்பிலிருந்து எடுத்தார். பிறகு, "சரி சார், உங்க எய்த்து நல்லா இருக்குதுன்னு எல்லாரும் சொல்வாங்க" என்று சாவியை மேஜை மேல் வைத்தார். அன்றைக்கே அவரை வேலையிலிருந்து எடுத்தார்கள். ஏசியை மட்டும் எடுக்கவில்லை.

ஆறு வருடம் ஆகிவிட்டது. போன மாதம் புது வண்டி வந்தது. கூரைக்கு மேல் நான்கு விரல் இடைவெளி விட்டு, சாய்வாக, இரண்டாவது தகரம். விழாவில் நிர்வாகி அதைக் கையால் காட்டி, 'நம் ஊர் வெயிலையும் மழையையும் நானே ஆராய்ந்து சொன்ன யோசனை' என்றார். கைதட்டினார்கள். நான் தட்டவில்லை, இதைத் தவிர இந்தக் கதையில் நான் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் செய்யவில்லை. ஒருமுறை மேல்சித்தாமூர் சாலையில் நெல் மூட்டை ஏற்றிய டிராக்டரில் பழைய டிரைவரைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். நிறுத்தாமல் போய்விட்டார். எதற்கு நிறுத்த வேண்டும்?

என் சொந்த நாட்குறிப்பில் நவம்பர் 9 முழுப் பக்கம் இருக்கிறது. தண்ணீர் எத்தனை அங்குலம் நின்றது, எத்தனை பேர் திரும்பிப் போனார்கள், யார் என்ன சொன்னார்கள், எல்லாம் பிழையில்லாமல். வேறு யாரும் படிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் அவ்வளவு உண்மையாக எழுதியிருக்கிறேன். அன்று மாலை ஜீப்பில் ஏறும்போது நிர்வாகி என்னிடம், "புது டிரைவர் நாளைக்கு வர்றான். நோட்டு சுத்தமா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள், வியாழக்கிழமை, காலை ஆறரைக்குப் போனேன். தகரத்திலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. முதல் வேலையாகக் குறிப்பேட்டைத் திறந்து, புதுப் பக்கத்தில் தேதி போட்டு, குறைகள் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன்.