ஐந்தாவது கட்டத்தில் ஊர்

எங்கள் சங்கத் தலைவர் அமெரிக்காவுக்குப் போய்வந்த நாளிலிருந்து எங்களுக்கு மூச்சுவிட வழியில்லை. அங்கே தென்பகுதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் இருந்துவிட்டு வந்தவர், மெல்பேர்னில் எந்த வீட்டுக் கதிரையில் குந்தினாலும் அரசியல் யாப்பைப் பற்றித்தான் கதைப்பார். எழுபதுகளின் நடுப்பகுதி அது. இங்கேயிருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் ஒரு தேவாலய மண்டபத்துக்குள் அடங்கிவிடும். மாதத்தில் ஒரு ஞாயிறு அந்த மண்டபத்தில் கூடி, ரோல்ஸும் பற்றிஸும் சாப்பிட்டு, அதற்குச் சங்கம் என்று பெயர் சொன்னோம்.

சங்கத்துக்கு யாப்பு எழுதியவரும் அவர்தான். ‘மெல்பேர்ன் தமிழ் மக்களாகிய நாங்கள்’ என்று அமெரிக்கப் பாணியில் தொடங்கியிருந்தார். நான் ஆஸ்பத்திரி ஒன்றில் தட்டெழுத்தாளராக இருந்ததால் அதை அச்சடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. குடும்பத்துக்கு ஒரு வாக்கு, அதைக் குடும்பத் தலைவர் போடுவார் என்று ஒரு விதி. புது அங்கத்தவரை அவருடைய ஊரவர் இருவர் கையெழுத்திட்டு அறிமுகப்படுத்த வேண்டும் என்று இன்னொரு விதி. விண்ணப்பப் படிவத்தில் ஐந்தாவது கட்டம்: ஊர், குறிச்சி. ஊரையும், ஊருக்குள் எந்தப் பகுதி என்பதையும் சொன்னால் எங்கள் ஆட்கள் மிச்சத்தைக் கணக்கிட்டுவிடுவார்கள். சாதி என்ற சொல்லைப் படிவத்தில் போட அவர்களுக்கு வெட்கம், அவ்வளவுதான். எல்லாம் தெரிந்துகொண்டுதான் நானும் அடித்தேன்.

என் ஆஸ்பத்திரியில் ஒரு நேர்ஸ் இருந்தாள். எங்கள் நாட்டு மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, லண்டனில் படித்து, தனியாக இங்கே வந்தவள். சங்கத்தில் சேர வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை.

“எங்கப்பாவுக்கு ஒரு காலத்துல வாக்கு இருந்துச்சு அக்கா. சுதந்திரம் வந்ததும் தோட்டத்து ஆளுகன்னு பறிச்சுட்டாங்க. இந்த நாட்டுல ஆறு மாசத்துல வாக்காளர் பட்டியல்ல என் பேரைப் பதிஞ்சுட்டாங்க. ஆனா நம்ம ஆளுக மத்தியில ஒரு வாக்குப் போடணும். போடப் போறேன்னு அப்பாவுக்கு எழுதிட்டேன்” என்றாள்.

நான் படிவத்தைக் கொடுத்தேன். ஐந்தாவது கட்டத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அந்த ஞாயிறு தலைவர் சிலைடுகள் காட்டி அமெரிக்க வாக்குரிமையைப் பற்றி உரையாற்றினார். நன்றாகத்தான் பேசினார், பாவி மனுசன். கறுப்பு மக்கள் வாக்காளராகப் பதியப் போனால் அரசியல் யாப்பில் ஒரு பிரிவைக் காட்டி விளக்கம் கேட்பார்களாம். சவர்க்காரக் கட்டியில் எத்தனை குமிழி என்றுகூடக் கேட்டதாகக் கதை உண்டாம். ஒரு காலத்தில், பாட்டன் வாக்குப் போட்டிருந்தால் பேரனுக்குச் சோதனையே கிடையாதாம்; அடிமையாயிருந்த பாட்டனுக்கு வாக்கேது? கறுப்பருக்கு வாக்கில்லை என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை, படிவத்தை வைத்தே ஆளை வெளியே நிறுத்தினார்கள் என்று மேசையில் அடித்தார். பத்து வருடத்துக்கு முன்புதான் ஒழுங்கான சட்டம் வந்ததாம்.

மண்டபம் முழுக்க ‘சீ, சீ’ என்றது.

“நாசமாப் போவாங்கள். இவங்களும் மனுசரே?” என்றார் என் கணவர்.

தேத்தண்ணி குடித்த கையோடு அவளுடைய விண்ணப்பத்தை எடுத்தார்கள்.

“பிள்ளை, உமக்கு எந்த ஊர்?” என்று தலைவர் கேட்டார்.

“ஹட்டன் பக்கம் ஒரு தோட்டங்க.”

“அது தோட்டம். நான் கேட்டது ஊர்.”

“அங்கதாங்க பொறந்தேன்.”

“அதுக்கு முந்தி?”

“அதுக்கு முந்தி நான் பொறக்கலீங்க.”

யாரோ ஒருவர் சிரித்தார். தலைவர் சிரிக்கவில்லை. “ஊரவர் ரெண்டு பேற்றை கையெழுத்து வேணுமே. எனக்கெண்டால் ஒரு பிரச்சினையும் இல்லைப் பிள்ளை. யாப்பு இடம் தராது” என்றார். யாப்பு இடம் தராதாம்! வானத்திலிருந்து விழுந்ததா அது? இரண்டு மாதத்துக்கு முன் என் குசினி மேசையில் நான் அடித்த கடதாசி. சற்றுமுன் அந்தக் கறுப்பு மக்களுக்காக உருகிய வாய்தான் இதையும் சொன்னது.

ஜனநாயகம் அல்லவா, வாக்கெடுப்புக்கு விட்டார். சேர்க்க வேண்டாம் என்பவர்கள் கை தூக்கட்டும் என்றார். ஆண்களின் கைகள் ஒவ்வொன்றாக எழும்பின. டொக்டர் கை, எஞ்சினியர் கை. என் கணவரின் கையும் மேலே நின்றது, மறு கையில் பாதி கடித்த ரோல்ஸ். பெண்கள் நாங்கள் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். அவளைச் சேர்த்திருந்தால், தனியாள் என்றபடியால், அந்த மண்டபத்தில் வாக்குள்ள ஒரே பெண் அவளாக இருந்திருப்பாள். அந்தப் பயமும் அந்தக் கைகளுக்குள் இருந்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

வீடு திரும்பும்போது கணவர், “என்ன, வாயைத் திறக்காமல் வாறீர்?” என்றார்.

“என்ரை வாக்கையும் சேர்த்து நீங்கள்தானே போட்டனீங்கள். என்ரை கதையையும் நீங்களே கதையுங்கோ” என்றேன்.

துணிச்சல்காரி என்று என்னை யாரும் எண்ண வேண்டாம். பேச வேண்டிய இடம் மண்டபம். நான் காருக்குள் பேசினேன்.

திங்கட்கிழமை கன்ரீனில் அவள் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். சண்டை பிடிப்பாள் என்று பார்த்தேன். அவள் பிடிக்கவில்லை.

“அப்பாவுக்கு என்னன்னு அக்கா எழுதுறது? அன்னைக்குப் பார்லிமெண்ட்ல எங்க வாக்கைப் பறிக்கக் கை தூக்குனவங்கள்ல தமிழ் ஆளுகளும் இருந்தாங்கன்னு அவரு சொல்வாரு. வயசாயிருச்சு, ஏதோ பேசுறாருன்னு நான் நம்பவே இல்ல” என்றாள்.

அவள் பையிலிருந்து, சங்கம் திருப்பிக் கொடுத்த படிவத்தை எடுத்து என் பக்கமாகத் தள்ளினாள். எல்லாக் கட்டங்களையும் அழகான கையெழுத்தில் நிரப்பியிருந்தாள், ஐந்தாவதைத் தவிர.

“இத நீங்களே வச்சுக்கங்க அக்கா. நீங்க அடிச்சதுதானே” என்றாள்.