எழுப்பாமல் விட்ட காலை

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் கன்னையாவின் குரலைக் கேட்டவர்கள் குறைவு. ஆனால் அவர் எழுப்பாத வீடு இல்லை. விடியுமுன் புறப்படும் எஞ்சின்களுக்கு ஓட்டுபவரும் கரி போடுபவரும் நேரத்துக்கு ஷெட்டுக்கு வந்தாக வேண்டும். கடிகாரம் உள்ள வீடுகளோ அங்கொன்றும் இங்கொன்றும்தான். அதனால் வீடு வீடாகப் போய் எழுப்பிவிடுவதற்கென்றே ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். உலகத்துப் பெரிய சண்டை முடிந்த வருஷத்திலிருந்து அந்த ஆள் கன்னையா.

கதவைத் தட்டினால் ஆயிற்று, இதில் என்ன வேலை இருக்கிறது என்று தோன்றும். தட்டினால் ஒரு வரிசையே விழித்துக்கொள்ளும். எல்லாம் பலகைச் சுவர். ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கஷாயம் வைத்துவிடுவார்கள். ஒரே அறையில் பிள்ளைகளும் மச்சினன்மாரும் கிழவர்களுமாகப் படுத்திருப்பார்கள். அவர்களில் வேலைக்குப் போகிறவன் மட்டும் எழ வேண்டும். மற்றவர்கள் புரண்டுகூடப் படுக்கக் கூடாது. முதல் மாதம் முழுக்கக் கன்னையா தட்டித் தட்டிக் குழந்தைகளை அழவைத்து, தாய்மார்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பிறகு வழி பிடிபட்டது. ஒரு வீட்டில் சன்னல் கட்டையைப் பிரம்பு நுனியால் சுரண்டினால் போதும். இன்னொரு வீட்டில் தலைமாட்டுப் பலகையில் உள்ளங்கையை வைத்து அழுத்த வேண்டும். அசந்து தூங்குகிறவர்களுக்குக் கயிறு. ஒரு முனையைக் கால் பெருவிரலில் கட்டிக்கொண்டு, மறு முனையைச் சன்னல் வழியாகத் தொங்கவிட்டுப் படுப்பார்கள். கன்னையா வந்து இரண்டு இழுப்பு இழுப்பார். உள்ளேயிருந்து ஒரு இழுப்பு பதில் வந்தால் ஆள் எழுந்துவிட்டான் என்று அர்த்தம்.

கரி போடுகிற பக்கிரிசாமி ஒருநாள் இன்னும் கொஞ்சம் தூங்கலாமென்று, தன் கயிற்றைச் சமையற்கட்டில் கட்டியிருந்த ஆட்டின் காலில் மாட்டிவிட்டார். கன்னையா இழுத்தார். ஆடு கத்திய கத்தலில் வரிசை முழுக்க விளக்கெரிந்தது.

"யாருப்பா அது இந்நேரத்துல?"

"நம்ம எழுப்புற கன்னையாதான். இன்னைக்கு ஆட்டுக்கு டூட்டி போல!" என்றார் அடுத்த வீட்டு வேலாயுதம்.

"அதையே எஞ்சின்ல ஏத்திவிடுங்கண்ணே. கரியை அள்ளிப் போடாட்டியும் தின்னாச்சும் தீர்க்கும்" என்றாள் பக்கிரிசாமியின் பெண்டாட்டி, புருஷன் முதுகில் ஒன்று வைத்தபடி.

அந்த ஆட்டுக் கதையை எத்தனை பேர் எத்தனை தடவை சொன்னாலும் கன்னையா புதிதாய்க் கேட்பதுபோலச் சிரிப்பார்.

ஊர் எழுந்து போன பிறகு அவர் தன் வீட்டுக்குத் திரும்புவார். அங்கே வேறு கணக்கு. கதவை லேசாக மேலே தூக்கித் திறப்பார், கீல் முனகாமலிருக்க. விளக்கை வாசலிலேயே அணைப்பார். தண்ணீர்ப் பானையின் மூடியைத் துணி சுற்றி எடுப்பார். பெண்டாட்டி வீரம்மா காப்பார் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் பேர் கொடுக்க இருட்டில் எழுந்து எழுந்தே வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில் அவள் சொன்னாள்:

"வெயில் வந்தப்புறம் எந்திரிக்கிறதுன்னா எப்படி இருக்கும்னு இங்க வந்துதாங்க தெரிஞ்சுது."

அந்தச் சொல்லைக் கன்னையா நெஞ்சில் முடிந்து வைத்துக்கொண்டார். நகை நட்டு வாங்கிப் போட வக்கில்லை. அவள் தூக்கத்தையாவது காப்பாற்றலாம். அந்த வீட்டில் அவளை யாரும் எழுப்பியதில்லை.

ரப்பர் விலை விழுந்த வருஷம் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தங்கமணி என்று பேர் வைத்தார்கள். வீரம்மாவின் அப்பன் பழனியப்பன் அப்போதும் காப்பாரிலேயே இருந்தார். வேலை பாதியாகிவிட்டது, சம்பளமும் இறங்கிவிட்டது. பேத்தியைப் பார்க்க வர அவரிடம் கைக்காசில்லை. தீபாவளிக்கு நாமே போய்க் காட்டிவிட்டு வரலாம் என்றிருந்தார்கள். தீபாவளிக்கு முன்பே லோரிக்காரன் ஒருவன் சேதி கொண்டுவந்தான். தோட்டத்தில் வயசாளிகளையெல்லாம் ஊருக்கு அனுப்புகிறார்கள். நாகப்பட்டினம் கப்பல் வியாழக்கிழமை. பழனியப்பனும் போகிறார். பேத்தியோடு முதல் வண்டியில் துறைமுகத்துக்கு வந்துவிடுவதாக வீரம்மா அவனிடமே சொல்லியனுப்பினாள்.

அந்த வாரம் பார்த்துக் குழந்தைக்குக் காய்ச்சல். மூன்று ராத்திரி வீரம்மா கண்ணை மூடவில்லை. புதன்கிழமை மாலை கன்னையா வேலைக்குக் கிளம்பும்போது அவள் வாசல்வரை வந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"ஏங்க, நாளைக்கு முதல் வண்டிக்கு என்னைய எழுப்பிவிடுங்க. அப்பன் கையில புள்ளைய ஒருதரமாச்சும் குடுத்து வாங்கணும்."

"எழுப்புறேன் புள்ள. எனக்கு அதுதானே வேலை" என்று சிரித்துவிட்டுப் போனார்.

கடைசி வீட்டுக் கயிற்றை இழுத்துவிட்டு அவர் திரும்பியபோது இன்னும் இருட்டு விலகவில்லை. முதல் வண்டிக்கு நேரமிருந்தது. கதவருகே மூட்டை தயாராக இருந்தது. அதன்மேல் குழந்தைக்கென்று தைத்த வெள்ளைச் சட்டை மடித்து வைத்திருந்தது. தாயும் பிள்ளையும் ஒரே பாயில் கிடந்தார்கள். கன்னையா குனிந்து குழந்தையின் நெற்றியைத் தொட்டார். வியர்த்திருந்தது, சூடு இறங்கிவிட்டது. வீரம்மாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. மூன்று நாளாகக் காணாத தூக்கம் அப்போதுதான் வந்து அவள்மேல் விழுந்திருந்தது.

அவள் தோளுக்கு நேராக நீண்ட கை அப்படியே நின்றது.

எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேரை இரக்கமில்லாமல் எழுப்பிய கை அது. அவர் மனசுக்குள் வண்டிகளை ஓட்டிப் பார்த்தார். இரண்டாவது வண்டியில் போனாலும் நல்ல வெயிலேறுவதற்குள் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்குப் போய்விடலாம். கப்பல் மத்தியானத்துக்கு மேல்தான் என்று ஷெட்டில் சொன்னார்கள். இன்னும் கொஞ்சம் தூங்கட்டும். கையை மடக்கிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். முதல் வண்டி போகும் சத்தம் கேட்டது. அவள் அசையவில்லை. அது அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

வெயில் முகத்தில் விழுந்ததும் வீரம்மா வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள்.

"விடிஞ்சிருச்சா? வண்டி?"

"பதறாத. ரெண்டாவது வண்டி இருக்கு. கப்பல் மத்தியானம்தான்."

அவள் குழந்தைக்கு வெள்ளைச் சட்டையைப் போட்டாள்.

ரயிலின் நேரம் கன்னையாவுக்கு அத்துப்படி. கப்பலின் நேரம் தெரியாது. கப்பல் புறப்படுவதுதான் மத்தியானம். அறை இல்லாமல் கப்பல் தளத்தில் போகிற ஆட்களைக் காலையிலேயே தொங்காங் படகில் அடைத்து, துறைமுக ஆற்றின் நடுவே நிற்கும் கப்பலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அவர்கள் துறைமுகத்தை அடைந்தபோது கரையில் வழியனுப்ப வந்தவர்கள்தான் மிச்சம். காப்பார் தோட்டத்து இராஜம்மா தூரத்திலேயே பார்த்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டு வந்தாள்.

"இப்பவா வர்றே ஆத்தா? ஒப்பன் ஏற மாட்டேன்னு நின்னுச்சு. மக முதல் வண்டியில வந்துருவா, பேத்தியக் கொண்டாருவான்னு சொல்லிக்கிட்டே நின்னுச்சு. வண்டி வந்து, எறங்குன மூஞ்சியெல்லாம் ஒண்ணொண்ணா பாத்துச்சு. அப்புறம் கணக்கெழுதுற கிராணி வந்து வைஞ்சாரு. கடைசியா ஏறுன ஆளு அதுதான்."

கப்பல் அங்கேதான் நின்றது. கூப்பிட்டால் கேட்காத தூரம், ஆனால் ஆட்கள் தெரிகிற தூரம். வீரம்மா குழந்தையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். வெள்ளைச் சட்டை வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. மேல்தளத்தில் யாரோ துண்டை எடுத்து ஆட்டினார்கள். அதைப் பார்த்து இன்னொருவர் ஆட்டினார். பிறகு எல்லாருமே ஆட்டினார்கள். எது அப்பன் துண்டு என்று தெரியவில்லை. கை வலிக்கும்வரை அவள் இறக்கவில்லை. கன்னையா வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

திரும்பும் வண்டி கிள்ளானைத் தாண்டியது. வீரம்மா சன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டாள்:

"ஊரையே எழுப்புறீங்க. என்னைய எழுப்ப மட்டும் மனசு வரலையா?"

"நீ அசந்து தூங்குன புள்ள."

"அசந்துருவேன்னுதானே ஒங்ககிட்ட சொன்னேன்."

அவ்வளவுதான் அவள் கேட்டது. சண்டை போட்டிருந்தால் கன்னையா தாங்கியிருப்பார். மறுவருஷம் ஊரிலிருந்து திரும்பிய ஓர் ஆள் வழியாகப் பழனியப்பன் செத்த சேதி வந்தபோதும் அவள் அவரைக் குறைசொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்தான் ராத்திரிகளில் கயிற்றை இழுத்துவிட்டுப் பதில் இழுப்புக்காக நிற்கும்போது, நீட்டி மடக்கிய தன் கையையே பார்த்துக்கொண்டு நிற்பார். இரக்கப்பட்டோம் என்று நினைத்தோமே, அவள் கேட்காத தூக்கத்தைக் கொடுக்க நாம் யார் என்று தோன்றும்.

அதன்பிறகு வீரம்மா வெயிலேறத் தூங்கியதேயில்லை. அவர் எவ்வளவு சத்தமில்லாமல் கதவைத் தூக்கித் திறந்தாலும் அவள் விழித்து உட்கார்ந்திருப்பாள். "தூங்கு புள்ள" என்பார். "தூக்கம் வரலை" என்பாள். எங்காவது போக வேண்டியிருந்தால் தானே எழுந்துகொள்வாள். எழுப்பிவிடுங்கள் என்று அவரிடம் மறுபடி கேட்கவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகக் கன்னையா வருஷக்கணக்காகக் காத்திருந்தார். தைப்பூசத்துக்குப் பத்துமலை போகும் காலைகளிலாவது கேட்பாள் என்று பார்த்தார். கேட்கவில்லை.

இப்போது அவர் கண் மங்கிவிட்டது. ராத்திரி வேலையிலிருந்து எடுத்துப் பகலில் ஷெட்டுக் கூட்டும் வேலையில் போட்டிருக்கிறார்கள். ஆனாலும் பழைய நேரத்துக்கு விழிப்பு வந்துவிடுகிறது. கண்ணை மூடிக்கொண்டே கிடப்பார். பக்கத்தில் வீரம்மா எழுவாள். வளையல்களை முழங்கைப் பக்கம் ஏற்றிக்கொள்வாள். பானை மூடியைத் துணி சுற்றி எடுப்பாள். வாசல் தெளிக்கக் கதவைக் கொஞ்சம் தூக்கித் திறப்பாள். எல்லாம் அவரிடம் பார்த்துப் பழகியவைதான்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "நானும் எந்திரிக்கட்டுமா, புள்ள?" என்றார்.

வாசலில் நின்றவள் திரும்பினாள். முகம் தெரியவில்லை.

"படுங்க. ஒங்களுக்கு என்ன, வண்டியா போவுது?"

தங்கமணி விழித்துவிடக் கூடாதென்று மெதுவாகத்தான் சொன்னாள். கதவு சத்தமில்லாமல் மூடியது.